சகலையின் விண்கலத்தை நான் ஒட்டிய கதை

அண்ணன் தம்பிக்குள் பொறாமை இருந்தால் ஊர் கண்டிக்கும். பங்காளிகளுக்குள் இருந்தால் கோர்ட்டுக்குப் போகும். சகலைகளுக்குள் இருக்கும் பொறாமையை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. அது பாட்டுக்கு மாமனார் வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலாட்டியபடி உட்கார்ந்திருக்கும். என்னுடையது ஐம்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். (ஒத்துக்கொள்ளாவிட்டாலும் என் மனைவி சொல்லிவிடுவாள்.)

நான் அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் சூப்பர்வைசர். மாமனார் வேலூரில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணமான முதல் இரண்டு வருடம் அங்கே நான்தான் ராஜா. கிறிஸ்துமஸ் பிரியாணியில் நல்லி எலும்பு என் தட்டில்தான் விழும். ஹாலில் இருந்த கண்ணாடி ஷோகேசில், பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கொடுத்த வெள்ளிக் கோப்பைக்குப் பக்கத்தில், நான் என் கையால் தைத்துக் கொடுத்த கட்டைவிரல் உயர லெதர் ஷூ ஒரு ஜோடி இருந்தது. பால்காரர் வந்தால்கூட, "எங்க மாப்பிள்ளை செஞ்சது" என்று எடுத்துக் காட்டுவார்.

மூன்றாவது வருடம் என் மச்சினி பியூலாவுக்குக் கல்யாணம் ஆனது. சாலமன் வந்து சேர்ந்தான்.

சாலமன் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அதிர்ந்து பேசமாட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். கெட்டவன் மேல் பொறாமைப்படுவது சுலபம். இவன் மேல் பொறாமைப்பட நான் ரொம்பவே உழைக்க வேண்டியிருந்தது.

அவனுடைய ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தன் மகன் பிரிக்காமலே போட்டுவைத்திருந்த ஒரு அட்டைப்பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியின் மேல் நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கும் ஒரு விண்கலத்தின் படம். உள்ளே அந்த விண்கலம் இல்லை, அதன் துண்டுகள்தான் இருந்தன. சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் பொட்டுப் பொட்டாக இருநூறுக்கும் மேல். ஒவ்வொன்றாகக் கத்தரித்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

சாலமன் நாலு மாதம் கட்டினான். நகவெட்டியால் வெட்டினான், பிளேடால் பிசிறு எடுத்தானாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பியூலா வாராவாரம் அக்காவுக்கு இன்லண்ட் லெட்டர் போடுவாள். அக்கா, அதாவது என் மனைவி, அதை நான் சாப்பிடும்போது சத்தமாகப் படிப்பாள்.

"இந்த வாரம் இன்ஜின் முடிஞ்சுதாம்ங்க."

"நாங்க வாரத்துக்கு ரெண்டாயிரம் ஜோடி முடிக்கிறோம். யாராவது லெட்டர் போடறாங்களா?"

அந்தக் கிறிஸ்துமஸுக்கு விண்கலம் மாமனார் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஒரு அடி நீளம். பின்னால் ஆறு இன்ஜின், முதுகில் தட்டு மாதிரி ஒரு ஆன்டெனா, முன்னால் கண்ணாடி போன்ற மூடிக்குள்ளே அரிசி அளவில் ஒரு பைலட். அந்த அரிசிக்கு முகம் வேறு வரைந்திருந்தான். கலத்தின் உடம்பில் அங்கங்கே புகைக்கறை, பெயின்ட் உரிந்த மாதிரி தீற்றல்கள். எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

"புதுசா செஞ்சுட்டு எதுக்குப்பா பழசு மாதிரி அழுக்காக்கி வெச்சிருக்கே? எங்க கம்பெனில இப்படி ஒரு பீஸ் வந்தா ரிஜெக்ட்."

"ரொம்ப தூரம் போய்ட்டு வந்த கப்பல் அண்ணே. கொஞ்சம் அடிபட்டிருந்தாதான் நம்பறா மாதிரி இருக்கும்."

"ஆஹா!" என்றார் மாமனார். என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் ஆஹா சொன்னதில்லை. ஷோகேசைத் திறந்து, என் ஷூ ஜோடியை எடுத்துக் கீழ்த்தட்டில், உடைந்த தெர்மாஸ் மூடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கலத்தை வெள்ளிக் கோப்பையின் பக்கத்தில் நிறுத்தினார். அன்று மதியம் நல்லி எலும்பு சாலமன் தட்டில் விழுந்தது. வயிறு எரிந்தது என்று நாசூக்காகச் சொல்லலாம். எரியவில்லை, கொதித்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலூர் போனபோது மாமனார் நிலைகொள்ளாமல் இருந்தார். அவருடைய பழைய பள்ளியில் வருகிற சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி, அவர்தான் சிறப்பு விருந்தினர். ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பள்ளியிலிருந்து வந்த முதல் அழைப்பு. "நம்ம விண்கலத்தைத்தான் நடுமேஜைல வைக்கப்போறேன். ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

எல்லோரும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். எனக்கு வயிற்றுவலி வந்தது. (வரவழைத்தது.) வீடு காலியானதும் ஷோகேசைத் திறந்து கலத்தை வெளியே எடுத்தேன். உடைக்கும் எண்ணம் சத்தியமாக இல்லை. ஒரே ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். என் உத்தியோகமே அதுதானே. பிசிறு பார்த்தேன், இல்லை. பசைக்கறை பார்த்தேன், இல்லை. கடைசியில் சோல் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று எங்கள் கம்பெனியில் பார்க்கிற மாதிரி, ஒரு இன்ஜினைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒரு இழு இழுத்தேன்.

டக்கென்று கையோடு வந்துவிட்டது. அதே நேரத்தில், மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க மாமனாரும் வந்துவிட்டார்.

"இன்னா மாப்ளே அது?"

ஒரு கையில் கலம், ஒரு கையில் இன்ஜின். மனிதனின் யோக்கியதை தெரிவது இம்மாதிரி நேரத்தில்தான். "ஒட்டு விட்டிருக்கு மாமா. தொட்டதும் வந்துடுச்சு. சாலமன் சரியா ஒட்டல" என்றேன்.

மதியச் சாப்பாட்டின்போது சாலமன் உடைந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பரவால்ல அண்ணே. அந்த கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. ரெண்டு சொட்டு வெச்சு ஒரு நாள் காயவிட்டா போதும்."

"ரெண்டு சொட்டா? அப்படி ஒட்டித்தானே இந்த கதி? நாங்க ஒட்டற சோல் பனியில நடக்குது, மழையில நடக்குது. கொடு, ஆம்பூருக்கு எடுத்துட்டுப் போறேன். இனிமே ஜென்மத்துக்கும் விடாது."

மேஜைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கலத்தைச் சோல் ஒட்டும் செக்‌ஷனுக்கு எடுத்துப்போனேன். அங்கே ஃபோர்மேன் நசீர் பாய். இருபது வருட அனுபவம். அவர் ஒட்டிய சோல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. கலத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"எந்த நாட்டு ஆர்டர் சார் இது? ஹீலே இல்லியே."

"ஷூ இல்ல பாய், ராக்கெட்."

"மெட்டீரியல் இன்னா?"

"பிளாஸ்டிக்."

"அப்ப இன்னா பேஜாரு? பிளாஸ்டிக் சோல் நாம ஒட்டலியா? எதுவா இருந்தாலும் மூணே வேலைதான் சார். சுரண்டு, சூடாக்கு, அமுக்கு."

தோல் பதனிடும் ஊரில் பிறந்த யாரும் இந்தச் சூத்திரத்தைச் சந்தேகப்படமாட்டார்கள். முதலில் சுரண்டினோம். பசை பிடிக்க வேண்டுமானால் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். சுற்றுகிற கம்பி பிரஷ்ஷில் காட்டியதும், சாலமன் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த கோடுகள் மூன்று விநாடியில் தூசியாகப் பறந்தன. பிறகு இரண்டு பக்கமும் தாராளமாக சொல்யூஷன் தடவிப் பத்து நிமிடம் காயவைத்தோம். காயவில்லை. தடவிய இடம் மழைக்கால வெல்லம் மாதிரி இளக ஆரம்பித்தது.

"பாய், கரையுதோ?"

"ஊறுது சார்! உள்ளே பிடிக்குது!"

அடுத்தது சூடு. சோலுக்கு வைக்கிற அதே அளவு வைத்து ஹீட்டருக்குள் தள்ளினோம். எட்டிப் பார்த்தேன். ஆன்டெனா வாடிய கீரை மாதிரி தலை தொங்கியது. வால் பக்கம் வளைந்தது. கண்ணாடி மூடி சுருங்கிப் போய்ப் பைலட்டின் மேல் படிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் சாலமனின் இரண்டு சொட்டு ஜெயித்துவிடும் என்று தோன்றியது. "அமுக்குங்க பாய்!" என்று கத்தினேன்.

பிரஸ் இறங்கி, ஏறியது. அதற்கு அடியில் கிடந்த பொருள் தட்டையாக இருந்தது, மூக்கு மேலே வளைந்திருந்தது. அடிப்பக்கத்தில் பிரஸ்ஸின் ரப்பர் மெத்தையில் இருந்த கோடுகள் அத்தனையும் அழகாகப் பதிந்திருந்தன. அந்தப் பக்கம் போன பேக்கிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி நின்று பார்த்தாள்.

"நல்லா இருக்கு சார். லேடீஸா, ஜென்ட்ஸா?"

நசீர் பாய் மட்டும் குறடு எடுத்து, அந்த இன்ஜினைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தார். வரவில்லை. "பாத்தீங்களா சார்? கப்பலே போனாலும் ஒட்டு போவாது" என்றார்.

நாலு நாள் சீர்திருத்தம் செய்தேன். பள்ளத்தில் மெழுகு நிரப்பினேன். அதன்மேல் லெதருக்கு அடிக்கிற பழுப்புச் சாயத்தை ஸ்ப்ரே செய்தேன். அதில் கலந்திருந்த தின்னர் மிச்சமிருந்த பிளாஸ்டிக்கையும் கொப்புளமாக்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாங்க இது?"

"ராக்கெட்."

"அப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காருங்க."

"நாளைக்கு எனக்கு ஜுரம்" என்றேன்.

"ஜுரம் வந்தா ஜமுக்காளத்துல சுத்தித் தூக்கிட்டுப் போவேன்" என்றாள்.

சனிக்கிழமை வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாகப் போனேன். எல்லாம் முடிந்திருக்கும் என்று பார்த்தால், எனக்காகவே காத்திருந்தார்கள். இருநூறு பிள்ளைகள், ஹெட்மாஸ்டர், நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. மேஜையில் மாமனாரின் முத்து முத்தான கையெழுத்தில் 'விண்கலம்' என்று ஒரு அட்டை. அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் கொண்டுபோன ஷூ பெட்டியை வாங்கி, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூடியைத் திறந்தார்.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். வரவில்லை. உள்ளே இருந்ததை ஓரமாக நகர்த்திவிட்டு, காகிதத்தைத் தூக்கி, அதற்கு அடியில் விண்கலம் இருக்கிறதா என்று தேடினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சாலமன் முன்னால் வந்து பெட்டியிலிருந்து அதை எடுத்தான். கொப்புளங்கள் மேல் விரலால் ஒருதரம் தடவினான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன், நான் மட்டும்தான் பார்த்தேன். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினான்.

"விண்வெளிக்குப் போன கப்பல் பூமிக்குத் திரும்பி வர்றப்போ இன்னா ஆவும்னு யாருக்காவது தெரியுமா?"

அதிவேகமாக வருகிற கலத்துக்கு முன்னால் காற்று எப்படி நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது, வெப்பக்கவசம் இல்லாவிட்டால் என்ன கதி என்று நிதானமாகச் சொன்னான். தொங்கிய ஆன்டெனாவைக் காட்டினான், சுருங்கிய மூடியைக் காட்டினான். "இது கவசம் இல்லாம வந்த கப்பல்" என்றான். பிள்ளைகள் மேஜையை மொய்த்துவிட்டார்கள். மாமனாருக்கு விஷயம் பிடிபட்டது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், சாக்பீஸைக் கையில் எடுத்தார். அரை மணி நேரம் பாடம் நடந்தது. அவர் ரிட்டயர் ஆனதே பொய் போல இருந்தது.

முன்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். "சார், அடியில ஏன் கோடு கோடா இருக்குது?"

சாலமன் என்னைப் பார்த்தான். "அதை அண்ணன் சொல்வாரு. இந்தப் பரிசோதனையை நடத்தினதே அவர்தான்."

இருநூறு முகங்கள் என் பக்கம் திரும்பின. "அது வந்து... அமுக்கினது" என்றேன். "காற்றின் அழுத்தம்!" என்று மாமனார் போர்டில் எழுதிக்கொண்டே முழங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. சாலமனுக்கு மாலை போட்டார்கள்.

வெளியே வந்ததும் சாலமன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்த இன்ஜினை நான் நிஜமாவே சரியா ஒட்டலியா?" என்றான். நாலு மாத உழைப்பைச் செருப்பாக்கிக் கொடுத்தவனிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஆறு நாளாக அவனுக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லாத்தான்பா ஒட்டியிருந்தே. நான்தான் பிடிச்சு இழுத்தேன்."

சாலமன் சிரிக்க ஆரம்பித்தான். மாலை அறுந்து பூக்கள் உதிர உதிரச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆனால் ஆம்பூருக்குத் திரும்பும் பஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எனக்கு மறுபடியும் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. உருக்கியது யார், நான். அமுக்கியது யார், நான். மாலை யாருக்கு?

"அவருக்கு ஒரு தேங்க்ஸாவது சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சொல்லத்தான் போனேன். நடுவுல மாலை இருந்துச்சு."

சாலமன் இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் என் மனைவியிடம் மட்டும்தான் சொன்னேன். (அதுவே போதும்.) அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கப் உடைந்தாலும், கட்டில் கால் ஆடினாலும், யாருக்காவது பல் ஆடினாலும், "ஆம்பூருக்கு அனுப்பிடலாமா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கலத்தைக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள்.

போன வருடம் என் பேத்தி கல்யாண ரிசப்ஷனில் மூன்றடுக்கு கேக்கின் மேல்தட்டு சாயத் தொடங்கியது. நான் பதறிப்போய் இரண்டடி எடுத்து வைத்தேன். மேடையிலிருந்து என் மனைவி மைக் இருப்பதை மறந்து, "நீங்க கிட்ட போவாதீங்க!" என்று கத்தினாள். மண்டபமே சிரித்தது. தலை முழுக்க நரைத்துப்போன சாலமன் மெதுவாக எழுந்து வந்து, இரண்டு பல்குத்தும் குச்சிகளைச் செருகி கேக்கை நிமிர்த்தி நிறுத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன். சத்தம் வராமல்.