கிரீஸ் போட்ட ஞாயிற்றுக்கிழமை

தெருவில் அவருக்குப் பெயர் 'பொறுப்பு'. எதைக் கேட்டாலும் "அது என் பொறுப்பு" என்பார். அதோடு அந்த வேலை செத்தது.

வீட்டில் ஒரு பழைய வேன். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கம் கீச் கீச்சென்று ஊரைக் கூட்டும். மனைவி தையல் கடை பிடித்திருந்தாள். திங்கட்கிழமை திறப்பு. துணி மூட்டைகளைக் கொண்டுபோக வேன் வேண்டும். லைசென்ஸ் அவள் கையில் இருந்தது. சாவி பொறுப்பின் பையில் இருந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"முன்சக்கர ஜாயிண்ட்டெல்லாம் காஞ்சு கிடக்கு. புதுக் கை ஓட்டினா சக்கரம் கழண்டுக்கும்."

"கிரீஸ் அடிச்சா?"

"அடிச்சு, சத்தம் நின்னா சாவி உனக்கு. அது என் பொறுப்பு."

இப்படியே மூன்று மாதம் ஓட்டினார். வேனை இல்லை, பேச்சை. எங்கே அவள் தன்னைவிட நன்றாக ஓட்டித் தொலைத்துவிடுவாளோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

திறப்புக்கு முதல் நாள் ஞாயிறு காலை, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிரீஸ் அடிக்கிற கன்னை வைத்துவிட்டாள். தப்ப வழியில்லை. பொறுப்பு திட்டம் போட்டார். அடியில் படுப்பது, ஒரு தூக்கம் போடுவது, கறையோடு வந்து 'போட்டும் சத்தம் போகலை' என்று கையை விரிப்பது.

சாக்கை விரித்து வேனுக்கடியில் நுழைந்தார். ஜாயிண்ட் ரப்பரெல்லாம் கிரீஸ் பிதுங்கி வழிந்தது. நல்லதாய்ப் போயிற்று, கன்னை அமுக்குகிற வேலைகூட மிச்சம். வழித்துக் கன்னத்தில் அப்பிக்கொண்டார். கண் செருகியது.

"ஏங்க, குறட்டை மாதிரி கேக்குதே?"

"கிரீஸ் உள்ள இறங்கற சத்தம்மா."

ஒரு மணி நேரம் கழித்து சோக முகத்தோடு வெளியே வந்தார். "கன் காலியாகற வரைக்கும் அடிச்சுப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. நீயே கேளு."

பம்பரை இரண்டு கையாலும் அழுத்தினார். வேன் குனிந்து நிமிர்ந்தது. சத்தம் இல்லை. தொப்பையையும் சேர்த்து அழுத்தினார். மூச்சுகூட இல்லை.

"கன் நேத்தே காலிங்க," என்றாள். "நீங்க முடி வெட்டப் போனப்ப நானே படுத்து அடிச்சிட்டேன். பழைய கிரீஸ் பிதுங்கி வர்ற வரைக்கும் அடிக்கணும்னு ஒர்க்‌ஷாப்காரர் சொல்லித் தந்தார். வழிஞ்சதைத் துடைக்கத்தான் மறந்துட்டேன்." அவர் கன்னத்தைப் பார்த்தாள். "நீங்க துடைச்சிட்டீங்க போல."

பொறுப்பு சாவியை நீட்டினார். முன்கதவைத் திறக்கப் போனார்.

"பின்னாடி போங்க. பேப்பர் விரிச்சிருக்கேன். முன்சீட்டுல கிரீஸ் ஒட்டிடும்."

வண்டியை வெண்ணெயாய் எடுத்தாள். குறை கண்டுபிடிக்கலாம் என்று திருப்பத்துக்குத் திருப்பம் காத்திருந்தார். ஒன்றும் சிக்கவில்லை. வேகத்தடை வந்தது. வேன் வாயே திறக்கவில்லை.

"மெதுவா, மெதுவா," என்று பின்னால் பொறுப்பு கீச்சிட்டார்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். "ஒரு ஜாயிண்ட்டுக்கு அடிக்க விட்டுப்போச்சு போல."