துடைக்காத ஐந்நூற்றுப் பதினோரு பக்கங்கள்

காதலைச் சொல்லத் துணிச்சல் இல்லாமல் திண்டாடியவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. ஆனால் சொல்லாத காதலைப் பதினான்கு பேர் இருந்த மீட்டிங்கில் ஒளிபரப்பியவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் அடிமட்டமான கர்னலில் நிரல் எழுதுவது என் வேலை. ஆபீஸ் சென்னையில், நான் திண்டிவனத்தில், அக்கா வீட்டு மாடியில். அதே டீமில் மலர்விழி, கண்டமங்கலத்தில் அவள் வீட்டிலிருந்து. மூன்று வருடம் தினமும் அவள் குரலைக் கேட்டேன். அவள் கேமரா போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம் (எண்ணினேன், ஒன்பது). "சாப்ட்டீங்களா?" என்று எல்லாரையும் பொதுவாகத்தான் கேட்பாள். அதை எனக்கென்றே கேட்டதாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவேன்.

நேரில் போய்ச் சொல்வதுதானே? மூன்று ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். "வளவனூர், கண்டமங்கலம், பாண்டி!" என்று கண்டக்டர் கூவியதுமே கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கித் தின்றுவிட்டு, திண்டிவனத்துக்கே பஸ் ஏறிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஜெர்மனி வாய்ப்பு வந்தது. அவள் செய்த அறிவிப்புப் பலகை நிரலின் டெமோ நன்றாக அமைந்தால் கிளம்பிவிடுவாள். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு நேரங்களில் கடிதம் எழுதினேன். வீட்டு லேப்டாப்பை அக்கா நோண்டுவாள் என்று பயந்து, டீமின் சோதனைக் கணினியிலேயே தட்டச்சு செய்தேன். எழுதுவேன், பிடிக்காது, சேமிக்காமல் மூடிவிடுவேன். இப்படி எட்டு கடிதம். (அதிமேதாவி!)

அவள் நிரலுக்குக் கீழே ஓடியது என் வேலை. பல நிரல்கள் ஒரே நினைவகத்தைப் பார்த்தால் அது பகிர்வு நினைவகம். வழக்கமாக அதைச் சின்னச் சின்னப் பக்கங்களாகத்தான் கர்னல் கொடுக்கும். ஐந்நூற்றுப் பன்னிரண்டு சின்னப் பக்கங்களைச் சேர்த்து ஒரே பெரிய பக்கமாகக் கொடுத்தால் வேகம் கூடும். அந்த வசதியைத்தான் நான் எழுதினேன். இதில் ஒரு கட்டாயம் உண்டு. கல்யாண மண்டபத்தை அடுத்தவருக்குக் கொடுக்குமுன் கூட்டிப் பெருக்குவது போல, பக்கத்தில் பழைய ஆள் விட்டுப்போனதை முழுக்கத் துடைத்த பிறகே கர்னல் கொடுக்க வேண்டும். நான் முதல் பக்கத்தை மட்டும் பளபளவென்று துடைத்திருந்தேன். மிச்சம் ஐந்நூற்றுப் பதினொன்றை மறந்தேன். சோதித்துப் பார்த்ததும் அந்த முதல் பக்கத்தை மட்டும்தான்.

டெமோ அன்று காலை அதே சோதனைக் கணினியில் மலர்விழி பலகையைத் திறந்தாள். "இப்ப வெறும் பலகதாங்க வரும்" என்றாள். வெறும் பலகை வரவில்லை. "அன்புள்ள மலர்" வந்தது. அடுத்து "மலர்விழி அவர்களுக்கு" வந்தது. அதற்கும் கீழே "மதிப்பிற்குரிய மலர்விழி அவர்களுக்கு". பயம் கூடக் கூட மரியாதையும் கூடியிருந்தது. நான் சேமிக்காமல் மூடியதெல்லாம் அந்தத் துடைக்காத பக்கங்களில் அப்படியே கிடந்திருக்கிறது. விழுப்புரம் வரை வந்து திரும்பியது, ஒன்பது நாள் கேமரா, கடைசியில் என் பெயர், எல்லாமே பதினான்கு பேர் திரையிலும் பளிச்சென்று தெரிந்தன.

காபியோடு மாடிக்கு வந்த அக்கா என் தோளுக்கு மேலே படித்தாள். "அடப்பாவி! ஞாயித்துக்கெழம ஃப்ரெண்டப் பாக்கப் போறேன்னு சொல்லிக்கினு, மல்லாட்ட துன்னுட்டு வந்தியா?" என்றாள். நான் மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

மலர்விழி அசரவில்லை. "முதல் பக்கம் சுத்தமா இருக்குதுங்க. ரெண்டாவதுல இருந்துதான் பழசு வருது. கர்னல் பெரிய பக்கத்த முழுசாத் துடைக்கல" என்று நிதானமாக விளக்கினாள். எல்லார் கண்முன்னே, அரை நிமிடத்தில், கர்னல் பிழையைக் கண்டுபிடித்த பெண்ணை யார் விடுவார்கள்? ஜெர்மனி அங்கேயே உறுதியானது. அவளை அனுப்பிவைத்ததே என் கடிதங்கள்தான்.

சாயங்காலம் போன் செய்தாள்.

"எட்டுல எதுங்க ஃபைனல்?"

"எதுவும் இல்லீங்க. மன்னிச்சிக்கோங்க."

"விழுப்புரத்துல இருந்து எங்க ஊருக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸுங்க."

"வந்திருந்தா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது.

"வரலியேங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அடுத்த மாதம் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை எல்லா அர்த்தத்திலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஏக்கம் தீரவில்லை.

பிழையை அன்று இரவுக்குள் திருத்தினேன். கர்னல் வழக்கப்படி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அடியில் பெயர்கள் போட வேண்டும். கண்டுபிடித்தவர் மலர்விழி, சரிசெய்தவர் நான். அந்தப் பதிவை இனி யாராலும் அழிக்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயரையும் பார்த்துக்கொள்கிறேன்.

இதை ஒருநாள் அக்கா பார்த்துத் தொலைத்தாள். அதிலிருந்து, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "தம்பிக்கு எப்பம்மா கல்யாணம்?" என்று கேட்டால் என்னை வாய் திறக்கவே விடுவதில்லை.

"பத்திரிக எப்பயோ அடிச்சாச்சி, பொண்ணு பேரு, மாப்ள பேரு ரெண்டும் போட்டு" என்கிறாள். "முகூர்த்தந்தான் இன்னும் குறிக்கல."