ஐந்து நட்சத்திரக் கதவு

மாணவர்களில் பல வகை உண்டு. படிப்பவர்கள், படிப்பதாகச் சொல்பவர்கள், அன்றைக்கே படித்திருக்கலாமே என்று ஐம்பது வயதில் பெருமூச்சு விடுபவர்கள். இவர்கள் யாராலும் வீட்டுக்கு ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது வேறோர் இனம்: வேலைக்கும் போய்க்கொண்டு, கல்யாணமும் ஆகி, ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி அறிவியலில் முதுகலை படிக்கும் இனம். அதுவும் சாதா முதுகலை அல்ல. செய்முறை முதுகலை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம், அவரே சொல்லிவிடுவார்.

அடையாளம் காண்பது சுலபம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் இருக்கும். தட்டு மடியில் இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு கட்டத்துக்குள் 'மனைவி' என்று எழுதியிருக்கும். அதிலிருந்து கிளம்பும் அம்பு எங்கும் போய்ச் சேராமல் நடுவழியில் நிற்கும். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். "போன வெர்ஷன் நல்லா இருந்துச்சு" என்பார். குழாய் ஒழுகுகிறது என்றால் எழுந்து போக மாட்டார். "எப்பலேருந்து? தொடர்ச்சியாவா, விட்டு விட்டா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். குறித்தபின் அவர் முகத்தில் படரும் நிம்மதியைப் பார்த்தால், ஒழுகல் நின்றுவிட்டதோ என்று நமக்கே தோன்றும். நிற்காது.

என் அத்தான் இந்த இனத்தின் கலப்படமற்ற மாதிரி. அக்கா வீட்டு மாடி அறையில் தங்கியிருப்பதால் கிட்ட இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு.

அவருடைய படிப்பின் விதி இது. கடைசியில் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். நிஜ மனிதர்களின் நிஜப் பிரச்சினையை அது தீர்க்க வேண்டும்; அந்த மனிதர்கள் அதைப் பயன்படுத்திக் கருத்தும் எழுதித் தர வேண்டும். அத்தான் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார். முதலாவது, செருப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் கருவி. தேர்வாளராக வந்த பேராசிரியர், "வாசல்லதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இரண்டாவது, வெளியே மழை பெய்கிறதா என்று சொல்லும் மென்பொருள். அதே பேராசிரியர். எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், பையை எடுத்துக்கொண்டார். மூன்றாவதும் போனால் பதிவு ரத்து. இத்தனை வருஷத்து ஞாயிறுகளும் காற்றோடு போச்சு.

ஆகவே அத்தானுக்கு அவசரமாக ஒரு பிரச்சினை தேவைப்பட்டது. தன் அப்பாவிடம் ஆரம்பித்தார்.

"அப்பா, இந்த வீட்டுல உங்களுக்கு என்ன கஷ்டம்? மனசு விட்டுச் சொல்லுங்க."

பெரியவர் யோசித்தார். "நீ படிக்கிறதுதான்டா."

"அது ப்ராஜெக்ட்ல வராதுப்பா."

கடைசியில் பாத்ரூம் கிடைத்தது. நான்கு பேருக்கு ஒரே பாத்ரூம். அதுவரை என்ன ஏற்பாடு? வெளியே ஒருவர் தட்டுவார், உள்ளே ஒருவர் இருமுவார். அவ்வளவுதான். யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை. அத்தான் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து, "இருமல்ல டேட்டாவே இல்லை" என்று நிராகரித்தார்.

கதவில் மின்பூட்டு ஏறியது. அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு, வாக்கியம் முடிந்த பிறகும் அணையாத முற்றுப்புள்ளி மாதிரி எரிந்தது. செயலியில் பதிவு செய்ய வேண்டும், வரிசை எண் வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும். பெரியவருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் தாம் பெரியவர்தான் என்று ஒவ்வொரு முறையும் படம் எடுத்து நிரூபிக்க வேண்டும். அவசரம் என்று அழுத்தினால் "அவசரத்தின் தன்மை?" என்ற கேள்வியும், வாய்விட்டுப் படிக்கக் கூசும் நான்கு விடைகளும் வரும்.

எல்லோரும் பயன்படுத்தினோம். வேறு வழி? ஆனால் ஒருவரும் கருத்து எழுதவில்லை. கருத்தில்லாமல் மதிப்பெண் இல்லை. அத்தான் இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த மாற்றத்தைச் செய்தார்: உள்ளே போனவர் நட்சத்திரம் போட்டுக் கருத்தை அனுப்பினால்தான் கதவு திறக்கும்.

கருத்துகள் குவிந்தன. அத்தான் நேர்மையானவர், ஐந்து நட்சத்திரம் போடும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. நாலுக்குக் கீழே போட்டால் 'உங்கள் அதிருப்தி எங்களுக்கு முக்கியம்' என்று பன்னிரண்டு கேள்விகள் விரியும், அவ்வளவுதான். அக்கா போனை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு குளிக்கப் போனாள். நான் அலுவலகத்தில் முகம் கழுவப் பழகிக்கொண்டேன்.

தேர்வு நாள் வந்தது. நீண்ட பஸ் பயணம் செய்து வந்த பேராசிரியர், பையை நாற்காலியில் வைத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"பாத்ரூம் எங்க?"

இதைவிட நல்ல கேள்வியை எந்தத் தேர்வாளரும் கேட்டதில்லை. அத்தான் பரபரவென்று அவரைப் புதுப் பயனராகப் பதிவு செய்து, இணைப்பை அவர் போனுக்கு அனுப்பி, கதவைத் திறந்துவிட்டார். போன் பையில் இருந்தது. பை நாற்காலியில் இருந்தது. பேராசிரியர் உள்ளே இருந்தார்.

சற்று நேரத்தில் கைப்பிடி அசைந்தது. மறுபடி அசைந்தது.

"தம்பி, கதவு திறக்கலை."

"கருத்து எழுதணும் சார்."

"எதைப் பத்தி?"

"உள்ள கிடைச்ச அனுபவத்தைப் பத்தி சார்."

உள்ளே குழாய் விட்டு விட்டுச் சொட்டியது.

"போன் வெளியில இருக்குப்பா. எனக்காக நீயே ஏதாவது போட்டுத் திற."

அத்தான் ஆடிப்போனார். "உங்க பேர்ல நான் போட்டா அது மோசடி சார். வகுப்புல நீங்கதான் சொன்னீங்க."

"என்னங்க, பாவம் மனுஷன். கரண்டையாவது நிறுத்துங்க" என்றாள் அக்கா.

"பேட்டரி வெச்சிருக்கேன். கரண்ட் போனா எல்லாரும் கருத்துச் சொல்லாம தப்பிச்சிடுவாங்கல்ல." அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை.

பெரியவர் கதவருகே போனார். "சார், பதறாதீங்க. போன வாரம் நானும் உள்ளதான் இருந்தேன். அந்த வாளியைக் கவுத்துப் போட்டா வசதியா உக்காரலாம்."

வாளி கவிழும் சத்தம் கேட்டது.

நான் ஸ்டூல் போட்டு ஏறி, மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாகப் போனை நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. பேராசிரியர் கொள்கைப் பிடிப்புள்ளவர். ஒரு நட்சத்திரம் போட்டிருக்க வேண்டும்.

"பன்னிரண்டு கேள்வி வருதே."

"ஆமா சார், அதிருப்திக்கு."

"'நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா'ன்னு இருக்கு. இல்லைன்னு போட்டேன். 'உங்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்களா'ன்னு கேக்குது."

அத்தான் குனிந்து தரையைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"இருக்காங்கன்னு போட்டேன். 'எத்தனை பேர்'ங்குது." கொஞ்சம் இடைவெளி. "எண்ணிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள 'நேரம் கடந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும்'னு வருது."

பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மனிதர் தம் வாழ்நாள் கொள்கையை வாளிமேல் உட்கார்ந்து மறுபரிசீலனை செய்யும் அமைதி அது. பின் சின்னதாக ஐந்து சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. பூட்டு திறந்தது. "நன்றி, மீண்டும் வருக" என்றது.

பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. ப்ராஜெக்ட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மதிப்பெண் தாளை எடுத்தார்.

"பாஸ்."

"சார்?"

"ஃபெயில் போட்டா புதுசா சேர்ந்து மறுபடி ஒண்ணு செய்வே. நான் அதையும் பாக்க வரணும். என்னால ஆகாது தம்பி."

அவர் தெரு முனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு அக்கா சொன்னாள்: "படிப்புதான் முடிஞ்சிருச்சே. இப்பவாவது அந்தப் பூட்டைக் கழட்டுங்க."

"கழட்டலாமே" என்றார் அத்தான், லேப்டாப்பைத் திறந்தபடி. "எதுக்காகக் கழட்டணும்னு நீங்க மூணு பேரும் ஒரு கருத்து மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் எந்த முதுகலையிலும் சேரவில்லையே என்று தைரியமாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால், போன வாரம் உங்கள் வீட்டில் பல்பு எரியவில்லை என்று யாரோ சொன்னபோது, எழுந்து மாற்றாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே "எப்பலேருந்து?" என்று கேட்டது யார்? பதில் சொல்ல அவசரமில்லை. நீங்கள் இப்போது இருக்கும் அறையின் கதவை மட்டும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிடுங்கள்.