மூன்றாவது கிண்ணம்

"நீயா? தனியா ஒரு கடைக்குள்ள பூந்து, வாயத் தொறந்து கேட்டு, சோறு துன்னுட்டு வந்துருவியா? போடி."

சிங்கப்பூர் நர்சு விடுதியில் நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் ஊறுகாய் அக்கா கேட்டது இது. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வடக்கனந்தலிலிருந்து கடல் தாண்டி வேலைக்கு வந்தவள். கோபம் வராதா? வந்தது. ஆனால் அந்த விடுதியில் அக்காவை எதிர்த்துப் பேசிப் பிழைத்தவர் ஒருவரும் கிடையாது.

அக்கா களமருதூர்க்காரர். பெயர் என்று ஒன்று இருந்தது. அது பதிவேட்டுக்கு மட்டும் பயன்பட்டது. பழைய மருந்து பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாயை அடைத்துச் சீருடைப் பையிலேயே வைத்திருப்பார். சூப்பில் போடுவார், ரொட்டியில் தடவுவார். ஒரு நாள் வாடை தாங்காமல் மேட்ரன் மூக்கைப் பிடிக்க, "ஒரு துண்டு நாக்குல வெச்சிப் பாருங்க, சளி போயிரும்" என்று பாட்டிலைத் திறந்தாராம். படியிறங்கி ஓடிய மேட்ரன் அப்புறம் எங்கள் மாடிக்கு வந்ததேயில்லை.

அந்த வருஷம் ஊரில் இடஒதுக்கீட்டுப் போராட்டம். மரங்களை வெட்டிப் போட்டுச் சாலைகளை மறித்திருந்தார்கள். வெகுநாள் தபால் இல்லை. பிறகு அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. தம்பி செத்துப்போயிருந்தான். மகனுக்காவது ஒரு வேலை கிடைக்கும் என்று மறியலுக்குப் போனவன். வெட்டிய புளியமரம் அவன் மேலேயே சாய்ந்துவிட்டது. மாட்டுவண்டியில் போட்டு ஆசுபத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வழி நெடுக மரம்.

"அதுல நாலு அவனே வெட்டுனது" என்று அக்கா கடிதத்தை மடித்தார். "எதையும் அரைகுறையா செய்யமாட்டான்."

பதினாறாம் நாள் காரியம்கூட அதற்குள் முடிந்திருந்தது. அக்கா அழவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் தொடவுமில்லை. எங்களுக்குப் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. "வாடி, சைனாக்காரன் கடையில துன்னலாம்" என்றார்.

கடையில் அப்படியொரு கூட்டம். நம் ஊர்க் கல்யாணப் பந்தி போல, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் நிற்கிறார். "இன்னும் சோறே வரல, அதுக்குள்ள எழுப்ப வந்துட்டானுவோ" என்று அக்கா திரும்பி முறைத்தார். எங்கள் மேஜையிலேயே எதிரில் முன்பின் தெரியாத, வயதான சீன அம்மாள் ஒருவர்.

"மூணு கிண்ணம் சோறு சொல்லு."

"ரெண்டு பேருதானக்கா?"

"சொல்லுடி."

வந்ததும், படி அரிசியில் ஊதுவத்தி குத்துவதுபோல மூன்றாவது கிண்ணத்தில், சாப்பிடக் கொடுத்த இரண்டு குச்சிகளையும் குத்தி நிறுத்தினார். பாட்டிலைத் திறந்து ஒரு துண்டு ஊறுகாய் வைத்தார். "குச்சியில சோறு துன்றாங்களாமே, நீ பாத்தியான்னு லெட்டருக்கு லெட்டர் கேட்டுக்கினே இருந்தான்."

பரிமாறுகிறவர் பதறி ஓடிவந்து குச்சிகளைப் பிடுங்கினார். அக்கா வாங்கி மறுபடி குத்தினார். அவர் பிடுங்கினார். இவர் குத்தினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடி சொல்றான்?"

அவர் ஆங்கிலத்தை என் ஆங்கிலத்தால் பிடித்துச் சொன்னேன். "சோத்துல குச்சி குத்தக் கூடாதாம்க்கா. செத்தவங்களுக்குத்தான் அப்பிடி வெப்பாங்களாம்."

அக்கா அந்த ஆள் பக்கம் திரும்பினார்.

"செத்தவனுக்குத்தான் வெச்சிருக்கேன்னு சொல்லு. கூடப் பொறந்தவன்னு சொல்லு."

சொன்னேன். பரிமாறுகிறவர் எதிரில் இருந்த அம்மாளிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் தன் தட்டிலிருந்த மீனில் ஒரு துண்டை எடுத்து மூன்றாவது கிண்ணத்தில் வைத்தார். பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள்.

அப்போதுதான் அக்கா அழுதார். அழுதுகொண்டே, "மீன்ல காரமே இல்லடி" என்று அந்த அம்மாள் தட்டிலும் ஊறுகாயை வைத்துவிட்டார். மரியாதைக்காக அவரும் சாப்பிட்டார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

போன மாதம் அக்கா ஊருக்கே திரும்பிவிட்டார். கிளம்பும்போது பாட்டிலை என் கையில் திணித்தார். "அமாவாசைக்கு அவனுக்கு அந்தக் கடையில வெக்கணும். தனியா போயிக் கேட்டு வாங்குவியா நீ?"

நேற்று அமாவாசை. அதே கடைக்குத் தனியாகப் போனேன். பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து இரண்டு கிண்ணம் கேட்டேன்.