தோள்வலிக்கு வந்த சம்பந்தம்

படித்தவர்களுக்கு வலி வந்தால், மருந்துக்கு முன்னால் அதற்கொரு பெயர் வேண்டும். என் அம்மாவுக்கு வந்தால் அது தோள்வலி. எனக்கு வந்தது ட்ரபீசியஸ் தசைப் பிரச்சினை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியும் முடித்து, நாவலூரில் ஓர் அலுவலகத்தில், அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதனால் என்னை முக்கால் டாக்டராகவே நினைத்திருந்தேன். (மீதி கால், ஸ்டெதாஸ்கோப் மட்டும்தானே!) வெல்டிங் வேலை செய்யும் அப்பா ஒரே நிபந்தனையோடுதான் என்னை அனுப்பியிருந்தார். "போய்ட்டு வா. ஆனா பஸ்ல, ஆபீஸ்ல உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துது, அன்னிக்கே வேலைய விட்டுடணும்."

பேச்சு வரவில்லை. வலி வந்தது. குனிந்தபடியே தட்டியதில் வலது தோளில் கோலிக்குண்டு போல ஒரு முடிச்சு. "தைலம் தேய்ச்சுக்கோ" என்றாள் அம்மா. தைலமா! எனக்கா! பிரவுசிங் சென்டருக்குப் போய் நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தேன். முடிச்சின்மேல் ரப்பர் பந்தை வைத்துச் சாய்ந்து அழுத்த வேண்டும். பிறகு கழுத்தை மெல்லப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணைப் பாதி மூடி, முப்பது எண்ணும்வரை நிறுத்தி, நீளமாக மூச்சு விட வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் கிடைத்தது தாம்பரத்தில் ஏறும் பஸ்ஸில்தான். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். எனக்குத் தோள் இழுத்துப் பிடித்ததோ வலப்பக்கம் திரும்பும்போதுதான். ஆகவே தினமும் அந்தப் பக்கமே திரும்பி, கண் சொருகி, பெருமூச்சு விட்டேன். நேரெதிரே ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரர் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர் கவனித்தார். கொஞ்ச நாளில் சட்டைக்கு இஸ்திரி வந்தது. அப்புறம் முகத்துக்குப் பவுடர் வந்தது.

"இன்னாமா, அந்தாளு மேல வெச்ச கண்ண எடுக்காம பாத்துகினு கீற?" என்றார் பக்கத்தில் இருந்த மீன் கூடைக்கார அக்கா.

"இது தசைப் பயிற்சிக்கா."

"அதத்தான் பாக்கறனே. தெனம் பண்றே."

அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். முதுகுக்குப் பின்னாலிருந்த பந்து உருண்டு அந்தச் சட்டைக்காரர் காலடிக்கே போனது. கர்ச்சீப்பால் துடைத்துக் கொடுத்தார். "வீடு தாம்பரத்துலயா?" என்றார். தெருப் பெயரோடு சொன்னேன். (கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே படிக்க வைக்கிறார்கள்.)

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அம்மாவோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பெயர் குமரேசனாம்.

"உங்க பொண்ணு தெனமும் எம்புள்ளையவே பாத்துப் பெருமூச்சு விடுதாம். அதான் கேட்டுட்டுப் போலாம்னு" என்றார் அந்த அம்மா.

அப்பாவின் முகம் கறுத்தது. "நாளையிலருந்து நீ வேலைக்குப் போவ வாணாம்."

"அப்பா, அது பயிற்சிப்பா! வேணும்னா இப்பவே காட்டறேன்."

பந்தைச் சுவரில் வைத்து முடிச்சு அழுந்தச் சாய்ந்தேன். ஆவேசத்தில் 'மெல்ல' என்ற சொல்லை மறந்து, கழுத்தை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பினேன். மளுக்! அப்படியே பிடித்துக்கொண்டது. எதிரே குமரேசன். கண்ணில் நீர் முட்ட, அவரையே பார்த்தபடி நின்றேன்.

"பாத்தீங்களா? கண்ண எடுக்கவே மாட்டேங்குது. அழுவுது வேற!" என்றார் அவர் அம்மா.

"கழுத்து... பிடிச்சிக்கிச்சு..." என்றேன். யாரும் நம்பவில்லை.

அப்பா என்னையும் குமரேசனையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று, "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து குந்துப்பா" என்றார். குமரேசன் எழுந்து அறையின் மறுகோடிக்குப் போனார். என் முகம் அசையவில்லை. அவர் எழுந்த இடத்துக்குப் பின்னால் எங்கள் இரும்பு பீரோ நின்றது. அதே சொருகிய கண்ணோடு, அதே பெருமூச்சோடு நான் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏம்மா, எம்பொண்ணு பீரோவையும் அப்படித்தான் பாக்குது. அதுக்கே கட்டிக் குடுத்துடலாமா?"

குமரேசன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தப் பெருமூச்சு?"

"அதுவும் பிரிண்ட்ல இருக்குங்க" என்றேன், பீரோவிடம்.

வாழைப்பழத்தை விட்டுவிட்டுப் போனார்கள். கழுத்து திரும்பச் செவ்வாய்க்கிழமை ஆயிற்று. புதன்கிழமை நான் வேலைக்குப் போனேன்.

சில வருடங்கள் கழித்து என் கல்யாணத்துக்குச் சீராகப் புது பீரோ வந்து இறங்கியது. அதைத் தட்டிக் கொடுத்தபடி அப்பா என் கணவரிடம் சொன்னார்: "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. மொதல்ல இவுங்க குடும்பத்துக்குத்தான் பொண்ணு குடுக்கறதா இருந்துது."