அரை இஞ்ச் மேஸ்திரி கட்டிய படகு

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அரை இஞ்ச் குறைகிறது என்று நம்பிய ஒரே மனிதர் ஸ்ரீபெரும்புதூரில்தான் இருந்தார். ரேஷன் கார்டு எழுத வந்தவர் அவருடைய நிஜப் பெயரைக் கேட்டபோது தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் மனைவி ரஞ்சிதம்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார் என்பார்கள். ஊருக்கு அவர் அரை இஞ்ச் மேஸ்திரி.

பெங்களூர் டிரங்க் ரோட்டில், தண்டலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், லாரிக்குப் பாடி கட்டும் ஷெட் ஒன்று இருந்தது. இன்ஜினும் சக்கரமும் மட்டுமாக மொட்டையாக வந்து நிற்கும் வண்டிக்கு மரத்தில் கேபினும் பின்னால் தொட்டியும் கட்டித் தருவது அங்கே வேலை. மேஸ்திரிதான் தலைமை. அளவெடுப்பார், காதில் செருகியிருக்கும் பென்சிலால் கோடு போடுவார், பிறகு கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் தள்ளி அறுப்பார். ஏன் என்று கேட்டால், "மரம் காஞ்சா சுருங்கும் சார். எதுக்கும் இருக்கட்டும்" என்பார். காயாத பொருளுக்கும் இதே பதில்தான். சட்டைக் காலரையே அரை இஞ்ச் கூட்டித் தைக்கச் சொல்லி, தையல்காரர் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது வட்டார அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எழுபதுகளின் நடுப்பகுதி, கல்யாணம் ஆகவில்லை, மேஸ்திரி வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். அறைக்கு அவரே ஒரு கதவு செய்து மாட்டினார். நிலையைவிட அரை இஞ்ச் பெரிய கதவு. மூன்று மாதம் நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன். புகார் செய்தபோது வந்து பார்த்து, தலையை ஆட்டி, கதவைத் தொடாமல் நிலையை அரை இஞ்ச் பெரிதாக்கினார். கதவு சாத்திக்கொண்டது. சுவர் விரிசல் விட்டது. நான் மேற்கொண்டு புகார் எதுவும் செய்யவில்லை.

ஆனால் லாரி விஷயத்தில் அவர் ராஜா. கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டையிலிருந்தெல்லாம் வண்டிக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். வண்டி முடிந்ததும் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டி இருங்காட்டுக்கோட்டைத் திருப்பத்தில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் அடுத்த மொட்டை வண்டியிடம் போவார்.

ஒரு வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே ஓடியது. சென்னையிலிருந்து சில கனவான்கள் சின்னச் சின்னப் பாய்மரப் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, எங்கள் ஏரியில் பந்தயம் விட்டார்கள். ஊரே ஏரிக்கரையில் திரண்டது. தேருக்கு வருகிற கூட்டம். சுண்டல்காரர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ச் சுண்டல் கொண்டுவந்தார்.

பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. தூரத்தில், தண்ணீருக்கு நடுவில், வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு துணுக்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போயின. யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று கடவுளுக்கே வெளிச்சம். மேஸ்திரி கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். "இன்னா சார் தெரியுது? எங்கூட்டு வேட்டி காயற மாதிரிதான் கீது" என்றார். பிறகு கரையில் தொப்பி போட்டுக்கொண்டு நின்ற பந்தயச் செயலாளரிடம் நேரே போய்க் கேட்டுவிட்டார். அந்த மனிதர் நல்லவர். சிரித்துக்கொண்டே, "கரையிலேருந்து ஒண்ணும் புரியாது பெரியவரே. சொந்தப் படகுல வந்து பார்க்கணும்" என்றார். போகிற போக்கில் சொன்ன வார்த்தை.

திரும்பி வரும் வழியில் மேஸ்திரி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பஸ் ஸ்டாண்டு வந்ததும் நின்றார்.

"முப்பது வருசமா வண்டி கட்றேன் சார். ஒண்ணுலயாவது நான் ஏறிப் போயிருக்கனா? கட்டி முடிச்சா சாவிய வாங்கிகினு அவன் போய்டறான். எனக்கு அவன் வுட்ட பொகதான். இத எனக்குன்னு கட்டப் போறேன். அடுத்த ரேசு என் படகுலேருந்துதான்."

மறுநாளே என்னை உட்காரவைத்து இங்கிலீஷில் கடிதம் அடிக்கச் சொன்னார். 'சொந்தப் படகு உடைய பார்வையாளனாகிய நான்' என்று ஆரம்பம். அந்தச் சமயத்தில் சொந்தப் படகு என்பது ஷெட்டின் மூலையில் கிடந்த இரண்டு பலகை. ஆனாலும் செயலாளரிடமிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. வரலாம், ஆனால் மூன்று நிபந்தனை. பந்தய வழியைக் குறிக்கும் மிதவைகளுக்கு வெளியே நிற்க வேண்டும். பாய்மரப் படகு வந்தால் வழிவிட வேண்டும். போட்டியில் இருப்பவருக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, மேஸ்திரி மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகு வளர்ந்தது. அவர் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு வடிவம்தான். ஆகவே படகுக்கு லாரி மாதிரியே இரண்டு பக்கமும் உயரப் பலகை வந்தது. சங்கிலி வந்தது. பின்னால் தாமரைப்பூவும் 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்தும் வந்தன. சிவப்புக் கண்ணாடிகள் பதித்தார். சக்கரமே இல்லாத வண்டிக்கு மட்கார்டு எதற்கு என்று கேட்டேன். அது இல்லாமல் பார்க்க அம்மணமாக இருக்கிறது என்றார். கடைசியில் அமுக்கினால் அலறும் ரப்பர் ஹாரன் ஒன்றையும் பொருத்தினார். அகலம் ஆறடி. அரை இஞ்ச் தனி.

அடுத்த வருஷமும் மழை கைவிடவில்லை. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் வெள்ளோட்டம். கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, ஷெட் ஆட்கள் பதினாறு பேரும் தோள்கொடுத்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மேஸ்திரி மாலையோடு நடுவில் நின்றுகொண்டு கரையைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அவரைச் சுற்றி முப்பத்தாறு இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது.

விஷயம் இதுதான். லாரித் தொட்டியின் அடிப்பலகையில் மழைத் தண்ணீர் தேங்கினால் பலகை மக்கிவிடும், மூட்டை நனைந்துவிடும். அதனால் தண்ணீர் வடிய வரிசையாக ஓட்டை போடுவது வழக்கம். முப்பது வருஷப் பழக்கத்தில் மேஸ்திரி படகுக்கும் போட்டுவிட்டார். முப்பத்தாறு ஓட்டை, ஒவ்வொன்றும் அரை இஞ்ச். ஷெட்டில் பதினாறு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. ஓட்டை இல்லாமல் இருந்திருந்தால்தான் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

படகு நிதானமாக, அவசரமே இல்லாமல் உட்கார்ந்தது. மார்பளவு தண்ணீரில் மாலையோடு நின்ற மேஸ்திரியைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு படப்பை வரைக்கும் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். அவர் யாரையும் திட்டவில்லை. மாலையைக் கழற்றிப் படகின் ஓரத்தில் மாட்டிவிட்டுக் கரையேறி, ஈரத்தோடு வீட்டுக்கு நடந்தார். அன்று சாப்பிடவில்லை என்று ரஞ்சிதம்மா சொன்னபோது, சிரித்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் உளிச் சத்தம் கேட்டது. முப்பத்தாறு முளை சீவிக்கொண்டிருந்தார். நுனி ஓட்டைக்குச் சரியாக, தலைப் பக்கம் அரை இஞ்ச் கூடுதலாக. படகைக் கரைக்கு இழுத்து, முளைகளை அடித்து இறக்கி, தார் பூசித் தண்ணீரில் விட்டதும் மரம் ஊறி உப்பி, ஓட்டையைக் கவ்விக்கொண்டது. அவருடைய அரை இஞ்ச் ஒரு காரியத்துக்கு உதவியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

படகு மிதந்தது. ஏறத்தான் ஆள் இல்லை. ஆறடி அகலப் படகில் ஒருவர் மட்டும் ஒரு பக்கம் துடுப்பு வலித்தால் அது நின்ற இடத்திலேயே செக்கு மாதிரி சுற்றும். துடுப்புப் போட ஒத்துக்கொண்டிருந்த ஷெட் ஆள் ஒருவருக்குப் பந்தயத்தன்று காலையில் காய்ச்சல் வந்தது. இன்னொருவருக்கு மச்சான் வீட்டில் காதுகுத்து. ஏரிக்கரையில் போன வருஷத்தைவிடக் கூட்டம். பாதிப் பேர் பந்தயத்தைப் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் மேஸ்திரி முழுகுவதைப் பார்க்க வந்தவர்கள். தூரத்தில் பாய்கள் ஏறத் தொடங்கிவிட்டன. இந்த ஏரி வருஷா வருஷம் நிரம்புகிற ஏரி இல்லை. இன்று விட்டால் இன்னொரு பந்தயம் எப்போது வருமோ. மேஸ்திரி இடுப்பளவுத் தண்ணீரில் படகின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் இறங்கியது ரஞ்சிதம்மாதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்குச்சட்டியும் மோர்க்குடமுமாகப் போய் ஏறி உட்கார்ந்தார். கரையிலிருந்து யாரோ பயமில்லையா என்று கேட்டார்கள்.

"இருவத்தாறு வருசம் இவரோட குடும்பம் நட்த்திட்டேன். இதுல ஏற்றதுக்கா பயம்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க அந்தாண்ட பக்கம் குந்துங்க" என்றார். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. நான் போய் அந்தாண்டை பக்கம் குந்தினேன்.

மேஸ்திரி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வலித்து, மிதவைக்கு வெளியே நாங்கள் போய்ச் சேர்வதற்கும் பன்னிரண்டு படகுகளும் பாதி ஏரியைக் கடப்பதற்கும் சரியாக இருந்தது. அப்போது காற்று நின்றது. சுத்தமாக நின்றது. பாய்கள் எல்லாம் துவண்டு தொங்கின. பன்னிரண்டு கனவான்களும் வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் நகர்ந்துகொண்டிருந்த ஒரே படகு எங்களுடையது. பக்கத்தில் இருந்த படகில் சாட்சாத் அந்தத் தொப்பிக்காரச் செயலாளர். மிதவை வரைக்கும் கொஞ்சம் இழுத்து விடும்படி மேஸ்திரியிடம் விளையாட்டாகக் கேட்டார்.

"மூணாவது கண்டிசன் சார். நீங்கதான் எய்தனீங்க" என்றார் மேஸ்திரி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதே சமயம் இன்னொரு படகிலிருந்த இளைஞர் குடிக்கத் தண்ணீர் இருக்குமா என்று ரஞ்சிதம்மாவிடம் கேட்டார். முகம் வெயிலில் சிவந்து போயிருந்தது. மோர் கொடுப்பது உதவியா இல்லையா என்று மேஸ்திரி துடுப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். பக்கத்துப் பலகையில் விரலால் தாளம் போட்டார். கடைசியில், "ஒருத்தருக்கு குட்த்தாதான் தப்பு. அல்லாருக்கும் குட்த்தா தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பின்படி பன்னிரண்டு படகுக்கும் நாங்கள் வலித்தோம். ஆளுக்கு ஒரு டம்ளர், கூடக் குறைய இல்லை. என் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. மேஸ்திரி ஒவ்வொரு படகையும் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், எந்தக் கயிறு எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். எந்த ஊர்ப் பந்தயத்திலும் எந்தப் பார்வையாளனும் போட்டியாளர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டான்.

மறுபடி மிதவைக்கு வெளியே வந்து நின்றோம். மேஸ்திரி திடீரென்று கையைத் தூக்கிப் பேசாதிருக்கச் சொன்னார். தண்ணீரில் தூரத்தில் ஒரு கோடு கறுத்தது. அந்தக் கோடு எங்களை நோக்கி ஓடிவந்தது. அடுத்த நொடி பன்னிரண்டு பாயும் பட்டென்று விரிந்தன. அந்தச் சத்தம் கரையில் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது. ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் எதிரிலேயே மிதவையைச் சுற்றித் திரும்பின. ஒவ்வொன்றும் சாய்ந்து, அடிவயிறு தெரிய, தண்ணீரை வாரி எங்கள் மேல் அடித்துக்கொண்டு போனது. மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். நாங்கள் மெல்ல மெல்லப் பந்தய வழிக்குள் மிதந்து வந்துகொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. ரஞ்சிதம்மா ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மறு கையால் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். நான் கொப்புளக் கையோடு பின்னுக்கு வலித்தேன். செயலாளர் எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போகும்போது தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அவர் ஏழாவதாக வந்தார் என்று பிறகு தெரிந்தது.

மேஸ்திரி உட்கார்ந்தார். முகமெல்லாம் தண்ணீர். ஏரித் தண்ணீரா வேறு தண்ணீரா என்று நான் ஆராயவில்லை. "பாத்துட்டேன் சார்" என்றார்.

பந்தயம் முடிந்து பாய்களை இறக்கினார்கள். கூட்டம் கலையத் தொடங்கியது. முழுகுவதைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். ஆனால் அவர்களும் கை தட்டிவிட்டுத்தான் போனார்கள். நான் படகைக் கரைப் பக்கம் திருப்பினேன். மேஸ்திரி என் துடுப்பைப் பிடித்து நிறுத்திவிட்டு, மனைவியிடம் திரும்பி, எங்கே போகலாம் என்று கேட்டார். கட்டிய வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு முப்பது வருஷத்தில் அன்றுதான் கிடைத்திருந்தது. அதையும் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

ரஞ்சிதம்மா ஏரியின் அந்தக் கோடியைப் பார்த்தார். "அந்தக் கரைக்கு போவலாம். நான் அங்க போனதே இல்ல" என்றார். போனோம். எதிர்க்கரையில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் இருந்த புளிச்சோற்றை மூவரும் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தோம்.

ஒன்றை மட்டும் மேஸ்திரியிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், அவரும் கையைப் பிடித்து என்னைக் கரையில் இறக்கிவிட்டிருப்பார். கேட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தில்தான், அன்று காலை அவர் ஏறி உட்கார்ந்த உடனே, நான் அவசர அவசரமாக முதல் துடுப்பைப் போட்டேன்.