முப்பத்தெட்டுப் பக்கச் சம்மதம்

படிக்காமல் எதற்கும் சம்மதிக்கக் கூடாது என்பது காற்புள்ளியின் கொள்கை. முப்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. காற்புள்ளி என்று பட்டப்பெயர் வந்த கதை அதுதான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மகள் போய் எட்டு மாதம் ஆகிறது. இருபத்தாறு வயசு. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பாடியும் பேசியும் ஊரையெல்லாம் கேலி செய்தும் ஒரு இணையதளத்தில் அவள் பதிந்து வைத்த நாற்பத்திரண்டு குரல் பதிவுகள்தான் மிச்சம். கேட்டால் மனைவி உடைந்து போவாள் என்று, மகளின் போனை அவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவராவது கேட்டாரா? மூச். தைரியம் இல்லை. தைரியம் இல்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை சார்ஜ் போட எடுத்தபோது போனில் ஒரு அறிவிப்பு.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள புதுத் தனியுரிமைக் கொள்கைக்குச் சம்மதிக்கணுமாம். இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. "அமுக்கித் தொலைங்களேன்."

"எதுக்குச் சம்மதிக்கறோம்னு தெரிய வேணாமா? அவ குரலை எவனாவது எடுத்து சோப்பு விளம்பரத்துல போட்டா?"

"எத்தனை பக்கம்?"

"முப்பத்தெட்டு. அச்சடிச்சே கொண்டுவந்துட்டேன்."

"விளங்கிடும்!"

லீவு போட்டார். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலேயே வந்தது.

"இதைக் கேளேன். 'தங்கள் தகவலை எமது பங்காளிகளுடன் பகிர்ந்துகொள்ளக்கூடும்.'"

"எந்தப் பங்காளி? நம்ம பங்காளிங்க அவ சாவுக்கே வரலை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை பெருமையாக அறிவித்தார். "இருபத்தெட்டுப் பக்கம் முடிஞ்சுது. ஒரு எழுத்துப் பிழை கிடையாது!"

"என்ன புரிஞ்சுது?"

"அது வேற விஷயம்."

வெள்ளிக்கிழமை இருபத்தொன்பதாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். அந்தக் குரல் இனி யாருக்குச் சொந்தம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தார்கள். 'மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு', 'கீழ்க்கண்டவை நீங்கலாக' என்று அது முடியாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. படித்துக்கொண்டே போனால் ஆரம்பம் மறந்தது. ஆரம்பத்துக்கு வந்தால் நடுவில் விட்ட இடம் மறந்தது. பத்துத் தடவை படித்தார். நிமிர்ந்தபோது மணி ஐந்து இருபது.

பீரோவுக்கு ஓடினார். அவசரத்தில் போனின் ரகசிய எண்ணை மூன்று முறை தப்பாக அடித்தார். போன் பூட்டிக்கொண்டது.

"போச்சு! படிச்சுப் படிச்சே நம்ம பொண்ணைத் தொலைச்சுட்டேன்!" மெஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மகளைக் கொண்டுபோன அன்றுகூட அவர் அழவில்லை. இன்று நிறுத்தத் தெரியவில்லை.

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து எதையோ தட்டினாள்.

தொண்டையைச் செருமும் சத்தம். அச்சு அசல் அவர் மாதிரியே ஒரு பெண் குரல்: "யாரு இதை அடிச்சது? இங்கே காற்புள்ளி எங்கே?" அப்புறம் கலகலவென்று மகளின் சிரிப்பு.

அவர் போனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திங்கட்கிழமையே அமுக்கிட்டேன். தினமும் நீங்க அச்சகம் போனதும் இதைத்தான் கேட்கறேன்."

"அடிப்பாவி! நாலு நாளா நான் மாஞ்சு மாஞ்சு படிச்சேனே, சொல்லக் கூடாதா?"

"எட்டு மாசமா வீட்டுக்கு வந்தா சுவத்தைப் பாத்துட்டு இருந்த மனுஷன். அவளுக்காக ஏதோ செய்யறேன்னு இந்த நாலு நாள்தான் ஒழுங்கா சாப்பிட்டீங்க. எப்படிச் சொல்ல?"

"உனக்கு அவ கணக்கு எப்படித் திறந்தது?"

"ஆஸ்பத்திரியில அவளே சொல்லிக் குடுத்தா. 'எது கேட்டாலும் நீ சரின்னு அமுக்கிடும்மா, அப்பா பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கட்டும்'னு சொல்லிட்டுத்தான் போனா."